மண்பாதைக்கு ஒரு சைக்கிள்

கரமனை,
4 ஜனவரி 2025

தாணு,

பதினொரு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல, ஒரு காரியம் கேட்க. போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் சிரித்துவிடுவேன். பிறகு நீ சொல்வதெல்லாம் சரியென்று தோன்றும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் பதிலைக் காகிதத்தில் எழுது.

மறுபடி சைக்கிள் வாங்கப் போகிறேன்.

வலது மணிக்கட்டில் வைத்த தகடு உள்ளேயேதான் இருக்கிறது. ஓட்டலாம், பயமில்லை என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. கல்லாற்றுக்கு மேலே ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் நான் விழுந்ததிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் அவருக்கு அது ஒரு கதை. "நாப்பத்தேழு வயசுல முன் பிரேக்கு எது, பின் பிரேக்கு எதுன்னு தெரியாதவளுக்கு காட்டுல என்ன சைக்கிள்?" என்று முடிப்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் மறுத்ததில்லை. இறக்கத்தில் பதறி முன் பிரேக்கை இறுக்கிவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னவன் நீ. சைக்கிள் விற்கிறவன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

என் கோபம் வேறு. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைக் கேட்காமல் அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டாய். ஆறு நாள் ஆடிட்டர் ஆபீசில் அடுத்தவர்களின் கணக்கைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று இருந்த ஒரே பொருள் அது. உடைந்திருந்தாலும் ஒருமுறை என் கண்ணில் காட்டியிருக்க வேண்டும்.

26ஆம் தேதி எங்கள் பெண்கள் குழு அதே பாதைக்குப் போகிறது. நானும் வருவதாகச் சொல்லிவிட்டேன். பந்தயம் கிந்தயம் ஒன்றுமில்லை. மண், சரளை, வேர்கள், அந்த ஒரு இறக்கம். அதற்கு எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும்? வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? உன் கடைக்கு வரமாட்டேன். வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். கேட்டதை மட்டும் எழுது.

பிரேமா


பேரூர்க்கடை,
8 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, கடையில் ஆள் நிற்பதையும் மறந்து உட்கார்ந்துவிட்டேன். கை குணமானது பெரிய சந்தோஷம். கேட்டதை மட்டும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

கடைக்காரன் முதலில் பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த வண்டியைத்தான் காட்டுவான். பார்க்க எடுப்பாக இருக்கும். நீ கொடுக்கிற விலைக்கு வருகிற அந்த ஸ்பிரிங் எடையைத்தான் கூட்டும், வேறு உபகாரம் இல்லை. அதைத் தாண்டிப் போ. அலுமினிய ஃபிரேம் போதும். நீ ஐந்தடி ஒரு அங்குலம், உனக்கு ஸ்மால் சைஸ். காலை இருபக்கமும் ஊன்றி நின்றால் மேல்கம்பிக்கும் உனக்கும் இடையில் இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், சீட்டைத் தாழ்த்தினால் சரியாகிவிடும் என்பான். ஆகாது. சீட்டைத் தாழ்த்தலாம், ஃபிரேமைத் தாழ்த்த முடியாதே.

டயர் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மேலே துருத்திய நல்ல ரப்பர் கட்டைகள் இருக்க வேண்டும். ரோட்டில் ஓட்டுவதுபோல் கல்லாகக் காற்றடிக்காதே; கொஞ்சம் இளகி இருந்தால்தான் மண்ணைப் பிடிக்கும். கியர் என்றால், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஒன்பதோ பத்தோ போதும். அதிக கியர் அதிகத் தொந்தரவு. பிரேக் மட்டும் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற டிஸ்க்காகப் பார், ஹைட்ராலிக் என்று கேள். ஒற்றை விரலால் தொட்டால் நிற்கும், உன் மணிக்கட்டுக்கு அதுதான் நல்லது. பிறகு வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார். வேர் குறுக்கே வருகிற இடத்தில் நீதானே தூக்க வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. கடைக்குப் பின்னால் மேடுபள்ளம் இருந்தால் அங்கே ஓட்டு. பழைய வண்டி வேண்டவே வேண்டாம், யார் எவ்வளவு நல்லதென்று சொன்னாலும்.

அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கடையில் பார்த்துச் சொல்வார்கள்.

26ஆம் தேதியே போக வேண்டுமா அக்கா? புது வண்டி கைக்குப் பழக ஒரு மாதமாவது ஆகும். உங்கள் குழுவில் சபீனா இருக்கிறாளே, உன்னோடு வந்து உன்னுடையதைப் போலவே வாங்கினாளே, இன்னும் அந்தக் கறுப்பு வண்டியைத்தான் ஓட்டுகிறாளா? சர்வீசுக்கு வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன், வரவில்லை. சும்மாதான் கேட்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தாணுமாலையன்


கரமனை,
13 ஜனவரி

தாணு,

நீ எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு நேற்று ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஃபிரேம், டயர், பிரேக் எல்லாம் நீ எழுதியபடியே இருந்தது. அந்தக் கடைப் பையன் இதையெல்லாம் பிறகு பார்ப்போம் என்றான். முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினான். பிறகு முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தான். "ஆத்யம் ஃபோர்க் நோக்கணும் சேச்சி. இறக்கத்துல ஆளோட உயிரு இதுலதான் நிக்குது" என்றான். முதலில் பார்க்க வேண்டியது என்று, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற அந்தக் கவையைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். இரண்டு பக்கம். டயர் காற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஃபோர்க் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கணக்கில் எழுதியிருப்பதைவிட விட்டுப்போனதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். அன்றைக்கு இறக்கத்தில் வலதுபக்கம் ஒரு வேர் வந்தது. ஹேண்டிலை இடதுபக்கம் திருப்பினேன். ஹேண்டில் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. அடுத்த கணம் எனக்கு முன்னால் சைக்கிளே இல்லாத மாதிரி இருந்தது. விழுந்த அதிர்ச்சியில் மனது கோணலாகப் பதிந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் விழுந்த பிறகு விதுரை போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரில் கொண்டுவந்து போட்டிருந்த அந்தச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனவன் நீ. என்ன பார்த்தாய்? சபீனாவின் வண்டியைப் பற்றி ஏன் கேட்டாய்?

வியாழக்கிழமைக்குள் பதில் வர வேண்டும்.

பிரேமா


பேரூர்க்கடை,
16 ஜனவரி

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. நீ ஆபீசிலிருந்து வருவதற்கு முன் நானே கொண்டுவந்து உங்கள் கேட்டில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். முதலில் இதைச் செய்: சபீனாவை அந்த வண்டியில் ஏற விடாதே. மீதியைப் பிறகு படி.

போன வருஷம் ஜனவரி 20ஆம் தேதி எறணாகுளத்து மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அந்தக் கறுப்பு வண்டியில் ஒரே சமயத்தில் தயாரான ஒரு லாட்டுக்கு ஃபோர்க் சரியில்லை. ஹேண்டிலுக்குள் ஏறுகிற குழாய் அடியில் விரிசல் விடுகிறது. விற்பதை நிறுத்து, விற்றதைத் திருப்பி வாங்கு, புது ஃபோர்க் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் ஐந்து விற்றிருந்தேன். உன்னுடையது, சபீனாவுடையது, வேறு மூன்று.

நோட்டீசை மேஜை இழுப்பறையில் போட்டேன். புது ஃபோர்க் வரட்டும், சர்வீஸ் என்று கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மொபைல் கடை போட்டு மூடினேன். கேட்டரிங் எடுத்து மூடினேன். சைக்கிள் கடை திறந்தபோது அத்தான் எல்லார் முன்னாலும், "இதையாவது ஒழுங்கா நடத்துடே" என்றார். திறந்து எட்டு மாதத்தில் அவர் வீட்டுக்கே வந்து, அக்காவுக்குக் கொடுத்த வண்டி உடையும், திருப்பிக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அந்த மூன்று வாரத்தில் நான்கு முறை போனை எடுத்தேன். நான்கு முறையும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்தேன்.

பிப்ரவரி 11 நீ விழுந்தாய்.

விதுரையில் வண்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடியில் கத்தியால் வெட்டியதுபோல் முறிந்திருந்தது. சாக்கைப் போட்டு மூடி ஏற்றினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால் வாசலிலேயே அத்தான், "என்னடே ஆச்சு அவளுக்கு?" என்று கேட்டார். முன்பிரேக்கை இறுக்கிவிட்டாள் என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் யோசித்துத்தான் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் கட்டுப்போட்ட கையோடு, "உனக்கும் வீண் அலைச்சல் தாணு, எல்லாம் என் தப்பு" என்று நீ சொன்னாய். நான் உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

இரண்டு வண்டிக்கு ஃபோர்க் மாற்றிவிட்டேன். சபீனா வரவில்லை. மீதி ஒன்று யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை. தேடாமலும் இருந்துவிட்டேன்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க

தாணு


கரமனை,
17 ஜனவரி

கடைசி வரியை நீ முடிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. இனியும் அதை எழுதாதே.

நேற்று உன் கடிதத்தை முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு மணக்காட்டுக்கு, சபீனா வீட்டுக்கு ஓடினேன். சபீனா வீட்டில் இருந்தாள். சைக்கிள் இல்லை. அவள் மகள் அதை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போயிருந்தாள். பத்தாவது படிக்கிறாள். போன் கொண்டுபோகிற வழக்கம் இல்லை. எந்த வழியாக வருவாள் என்று தெரியாததால் போய்த் தேடவும் முடியவில்லை. நாங்கள் இருவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சபீனா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வண்டியை வாங்கச் சொன்னவள் நான்.

பிள்ளை ஒற்றைக் கையை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

வண்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஐந்தாவதை வாங்கிய ஆளைக் கண்டுபிடி. எப்படியென்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு இங்கே வந்து உன் அத்தானிடம் உன் வாயால் சொல். நான் சொல்லமாட்டேன்.

பிரேமா


கல்லாறு,
22 ஜனவரி

அக்கா,

டீக்கடை பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். ஐந்தாவது வண்டி கிடைத்துவிட்டது. ஓட்டியவரும் நன்றாக இருக்கிறார்.

வாரண்டி அட்டையில் கடைக்கென்று கிழித்து வைத்த பாதியில் பிச்சைக்கனி என்று பேர் மட்டும் இருந்தது. எழுதியிருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. தென்காசிப் பக்கத்துப் பேச்சு, மேலே எஸ்டேட்டில் வேலை என்று சொன்ன ஞாபகம். புது ஃபோர்க்கையும் சாவிகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு மூன்று நாளாக வந்து போகிறேன். முதல் நாள் வந்த பஸ் கல்லாற்றோடு திரும்பிவிட்டது. இரண்டாம் நாள் தப்பான தொழிலாளர் லயத்துக்குப் போய் நின்றேன். இன்று காலை பொன்முடிக்குப் போகிற ஜீப்பில் இடம் கிடைத்தது. பாதி ஏறியிருப்போம், ஒரு வளைவில் எதிரே கறுப்பு வண்டி ஒன்று இறங்கி வந்தது. பின்னால் இரண்டு சின்ன காலி கேஸ் சிலிண்டர்களும் ஒரு பையும் கட்டியிருந்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் குதித்து ரோட்டின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பயித்தியம் என்று நினைத்திருப்பார். பிரேக்கைப் பிடித்தபோது முன்பக்கத்திலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

ஐம்பது வயது இருக்கும். தேயிலை ஃபேக்டரியில் வேலை. பஸ் இல்லாத நேரத்தில் சாமான் வாங்க அதில்தான் கீழே இறங்குவாராம். ஒரு மாதமாக அந்தச் சத்தம் கேட்கிறது, தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன் என்றார். ரோட்டோரத்தில் வைத்தே கழற்றினேன். குழாயின் அடியில் முக்கால் சுற்று விரிசல். நகம் உள்ளே போனது. அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு மைல்கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும், அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஒரு வருசமா தெரியும்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் இத்தன நாளும் இதுலதான இறங்குனேன்" என்று மட்டும் சொன்னார்.

புது ஃபோர்க்கை மாட்டி முடித்து, ஏறிப் பாருங்கள் என்றேன். அவர் கையை வண்டியில் வைக்கவே இல்லை. "மொதல்ல நீங்க ஓட்டி கல்லாறு வரைக்கும் இறங்குங்க. நான் கீழ போற ஜீப்புல பின்னால வாரேன்" என்றார்.

அக்கா, நான் சைக்கிள் விற்கிறவனே தவிர இப்படிப்பட்ட இறக்கத்தில் ஓட்டி இருபது வருஷம் இருக்கும். என் கையால் மாட்டிய ஃபோர்க், ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை இறுக்கியிருந்தேன். இருந்தும் முதல் கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலைத் திருப்பும்போது சக்கரம் திரும்புமா என்று கீழே குனிந்து பார்த்தேன். அடுத்த வளைவிலும் பார்த்தேன். எல்லா வளைவிலும் பார்த்தேன். கீழே வந்து சேரும்போது சட்டை நனைந்திருந்தது. நீ எழுதியிருந்த அந்த வேரையும் இடதுபக்கம் திருப்பியதையும் வழி முழுவதும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவர் ஜீப்பிலிருந்து இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மேலே போகிற ஒரு ஜீப்பில் அதை ஏற்றிக்கொண்டு போனார்.

நேற்றே அந்த நோட்டீசைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். தேதி தெரியும்படி. அடியில் நான் ஒரு வருஷம் மறைத்ததையும் மலையாளத்தில் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் இரண்டு பேர் உள்ளே வராமல் போனார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். அத்தானை இருக்கச் சொல்.

தாணு


கரமனை,
27 ஜனவரி

தாணு,

சனிக்கிழமை நீ ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கவனித்தேன். உன் அத்தான் உன்னைத் திட்டிய திட்டில் பாதி உனக்குத் தகும். மற்றப் பாதி அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

நீ போன பிறகு வெகுநேரம் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்போ நீ பிரேக்கு சரியாத்தான் பிடிச்சியா?"

"ரெண்டையும் சேத்து, மெள்ளத்தான் பிடிச்சேன்."

"பின்னே ஏன் இத்தன நாளும் சொல்லாம இருந்தே?"

"தாணு சொன்னதை நீங்களும் நம்பினீங்க. நானும் நம்பிட்டேன்."

இன்று காலையில் சாலைத் தெருவில் இருக்கும் அவருடைய கடைக்குப் புறப்படுமுன் வடசேரியில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் செய்தார். "பிரேமா விழுந்தது வண்டி ஒடஞ்சு, கேட்டீங்களா. அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அடுத்து தங்கைக்கு. அடுத்து கடைக் கூட்டாளிக்கு. கதையைக் கேட்ட ஒவ்வொருவரையும் தேடித் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் புது சைக்கிள் வாங்கிவிட்டேன். அந்தப் பெரிய கடையில்தான். ஸ்மால் ஃபிரேம், ஹைட்ராலிக் பிரேக், பச்சை நிறம். பணம் கட்டுமுன் ஃபோர்க்கைக் கழற்றிக் காட்டு என்றேன். புது வண்டி சேச்சி, தேவையே இல்லை என்றான் பையன். காட்டினால்தான் வாங்குவேன் என்றேன். கழற்றினான். டார்ச் அடித்து என் கண்ணால் பார்த்தேன். சபீனாவும் கூட வந்தாள். என்னோடு இன்னும் பழையபடி பேசுவதில்லை, ஆனால் வந்தாள். அவளும் குனிந்து பார்த்தாள்.

நேற்று கல்லாற்றுக்குப் போனோம். ஒன்பது பேர். அந்த இறக்கத்தின் உச்சியில் எல்லாரும் நின்று, வேண்டுமானால் தள்ளிக்கொண்டே இறங்கு பிரேமா என்றார்கள். சபீனா மட்டும் முன்னால் வந்தாள். என் முன்சக்கரத்தைத் தன் முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டிலைத் திருப்பு என்று சைகை காட்டினாள். திருப்பினேன். சக்கரம் அசையாமல் நின்றது, ஹேண்டிலும் தனியாகத் திரும்பாமல் நின்றது. தலையாட்டிவிட்டு விலகினாள்.

இறங்கினேன். வேர் அங்கேயேதான் இருந்தது. இடதுபக்கம் திருப்பினேன், திரும்பியது. கீழே ஓடுகிற ஓடையைத் தாண்டி அக்கரையில் போய் வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது. மற்றவர்கள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள், பயந்துவிட்டாள் என்று நினைத்து. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பயம் இல்லை, தாணு. எனக்கு அந்த இறக்கத்தை ஓட்டத் தெரிந்திருந்தது. போன வருஷமும் தெரிந்திருந்தது. பதினொரு மாதம் அது தெரியாதவளாக உங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஆத்திரத்தில் கை நடுங்கியது.

அது இன்னும் தீரவில்லை. தீரும்வரை நீ இங்கே வர வேண்டாம். தீர்ந்தால் நானே பேரூர்க்கடைக்கு ஓட்டிக்கொண்டு வருவேன். எப்போதென்று கேட்காதே.

அக்கா